எஸ்டேட் குளத்து மண்கரை: கேட்டவையும் பதிலும்

மலையோரத் தோட்டங்களில் ஓடையை மறித்துப் போட்ட சிறு மண் அணைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர், எல்லாம் நம் கன்னியாகுமரி மாவட்டம்.

கடையாலுமூடு: கரையோட அடிவாரத்துல தண்ணி கசியுது சார். சிமெண்ட் வச்சு அடைச்சிரலாமா?

அடைக்காதீர்கள். மண்கரை என்றால் கொஞ்சம் கசியும். வருவது தெளிந்த நீரா, கலங்கலா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளே அரிபடுகிறது, துளை குளத்தை நோக்கி வளர்கிறது.

தெளிவாக இருந்தால் கசிவை ஒரு சின்னச் சாலில் திருப்பி ஓரிடத்தில் விழ வையுங்கள். 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று வாரம் ஒருமுறை எழுதுங்கள், பக்கத்திலேயே குளத்து மட்டத்தையும். 20 விநாடி என்றால் விநாடிக்கு அரை லிட்டர். மட்டம் ஏறினால் கசிவு கூடுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்க, கசிவு மட்டும் கூடினால் கோளாறு.

கலங்கலாக வந்தால் கசியும் இடத்தின்மேல் ஓர் அடி கனத்துக்குப் பருமணல், அடுத்து பொடி ஜல்லி, அதற்கு மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லி. வரிசை மாறினால் மணல் கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீர் வெளியேற வேண்டும், மண் நிற்க வேண்டும். சிமெண்டோ களிமண்ணோ இரண்டையும் நிறுத்தி உள்ளே அழுத்தத்தை ஏற்றும், நீர் வேறு இடத்தில் கிளம்பும். குளத்து மட்டத்தையும் இறக்குங்கள். சாதாரண நேரத்தில் நாளுக்கு ஓர் அடிக்கு மேல் இறக்கக் கூடாது, ஊறிப்போன உள்சரிவு சரிந்து விழும். கலங்கல் நிமிடத்துக்கு நிமிடம் கூடினால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது: கீழே இருக்கும் வீட்டுக்காரர்களை முதலில் வெளியேற்றி, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

அருமனை: மறுகால்ல மணல் மூட்டை அடுக்குனா கோடைக்கு ரெண்டு அடி தண்ணி கூட நிக்குமே?

நிற்கும், கரைதான் நிற்காது. மறுகால் என்பது மிஞ்சிய வெள்ளம் வழிந்து போகும் வழி. அதன் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். நீங்கள் அதில் பாதிக்கு மேல் எடுத்துவிடுகிறீர்கள். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரத்தில் வெட்டிக்கொண்டு போய்விடும். நமக்கு எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. மூட்டையை எடுக்க ராத்திரியில் யார் போவார்? மறுகாலை அடைக்காதீர்கள்.

ஆறுகாணி: கரைக்குள்ள பி.வி.சி. குழாய் போகுது, வால்வு வெளிப்பக்கம் இருக்கு. பரவாயில்லையா?

வால்வை மூடும்போதெல்லாம் கரைக்குள் இருக்கும் குழாய் முழுக்க அழுத்தத்தில் நிற்கிறது. ஒரு இணைப்பு விட்டாலும் நீர் மண்ணுக்குள் பாயும். வால்வு குளத்துப் பக்கம் இருக்க வேண்டும். குழாயின் அடிப்பாகத்தில் மண் சரியாக இறுகாது, கசிவு அந்த வழியைப் பிடிக்கும். கோடையில் குளத்தை வற்றவைத்து, வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி போடுங்கள்.

பேச்சிப்பாறை: எங்க ஊர் அணை தாங்குமா?

அது 1906-இல் முடிந்த கல் அணை, அரசு பராமரிப்பது. இங்கே பேச்சு மண்கரை.

தடிக்காரன்கோணம்: கரையில நிக்கிற ரப்பர் மரத்தை வெட்டணுமா அண்ணாச்சி? வேர் மண்ணைப் பிடிக்கும்லா?

மேல் மண்ணைப் பிடிக்கும், கரையைப் பிடிக்காது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, இருந்த இடம் பொந்தாகும். காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்க்கும். 2017 ஒக்கிப் புயலில் ரப்பர் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

பூதப்பாண்டி: அப்போ நம்ம முன்னோர் குளத்தங்கரையில பனை வச்சது முட்டாத்தனமா?

இல்லை. பனைக்கு ஆணிவேர் பருக்காது, கயிறு கயிறாக வேர் இறங்கும். அந்தக் கரைகளும் மாட்டுவண்டி போகும் அகலம். உங்கள் எஸ்டேட் கரை உச்சி இரண்டு மீட்டர், புல்டோசர் தள்ளிய மண். அதில் பனையும் வேண்டாம்.

பூதப்பாண்டி: பனை நின்ன கரை உடைஞ்சு நான் பாத்ததில்ல.

உடைந்த கரையில் பனை நின்றதா என்று யார் போய்ப் பார்த்தார்கள்? புல் போடுங்கள், ஓரத்தில் வெட்டிவேர் வையுங்கள், அவ்வளவு போதும்.

தடிக்காரன்கோணம்: வெட்டிட்டு குத்தியை விட்டுரலாமா?

குத்தி, அதாவது அடிக்கட்டை, நாலு இஞ்சுக்குக் கீழே பருமன் என்றால் தரையோடு அறுத்து விடலாம். பெரிது என்றால் மாசி, பங்குனியில் தண்ணீரை இறக்கி, குத்தியையும் தடித்த வேரையும் தோண்டி எடுங்கள். குழியின் பக்கங்களைச் சரிவாக வெட்டி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் மண் கொட்டி, அரை அடிக்கு ஒருமுறை இடியுங்கள். மழைக்காலத்தில் கை வைக்காதீர்கள்.

குலசேகரம்: அணைப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கு வருமா?

2021 சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமானவற்றுக்கும், 10 முதல் 15 வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற வரம்பைத் தொடுபவற்றுக்கும். எஸ்டேட் கரை பெரும்பாலும் வராது. அதனால் உடைந்தால் பொறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திற்பரப்பு: கெண்டை விடலாமா?

மீன்வளத் துறையில் கேளுங்கள். மீன் போகாமல் மறுகாலில் வலை கட்டுவதாக இருந்தால் விடவே வேண்டாம். சருகு வந்து அடைத்தால் அதுவும் மணல் மூட்டைதான்.

அருமனை: மூட்டை வேண்டாம், பலகை வச்சா?

மேலே இருக்கிறது பதில்.

பத்துகாணி: கரை உச்சி நடுவுல தாழ்ந்த மாதிரி தெரியுது.

கண்ணை நம்பாதீர்கள். கொத்தனார் வைக்கும் டியூப் லெவலால் ஐந்து மீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். வெள்ளம் முதலில் வழிவது அந்தப் பள்ளத்தில்தான். மேல்புல்லைச் செதுக்கி, பழைய மண்ணைக் கொத்திவிட்டு, இடித்து உயர்த்துங்கள். நடுவில் மட்டும் நாலு விரல் கூடுதலாக, புது மண் அமரும்.