வாசகர் கேள்வி–பதில்: ரோதியோனும் ரோத்யாவும் ஒரே ஆளா?

கே: தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் ஐம்பது பக்கத்தில் வெச்சுட்டேனுங்க. பேர்களே பிடிபட மாட்டேங்குது. என்ன பண்ணலாம்? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

ரஷ்யப் பெயரில் மூன்று துண்டு உண்டு: சொந்தப் பெயர், தகப்பன் வழிப் பெயர், குடும்பப் பெயர். நாயகன் ரோதியோன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ். 'ரொமானோவிச்' என்றால் ரொமான் மகன். தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா. அதே அப்பா, மகள் என்பதால் விகுதி மட்டும் வேறு. நம் இனிஷியலை விரித்து நடுவில் வைத்தது போலத்தான். குடும்பப் பெயரும் பெண்ணுக்கு மாறும்: அப்பா மர்மெலதோவ், மகள் மர்மெலதோவா. வீட்டுக்குள் ரோதியோன் 'ரோத்யா', அவ்தோத்யா 'துன்யா', சோஃபியா 'சோன்யா'. சுப்பிரமணியம் 'மணி' ஆவதில்லையா?

ஒரு அரைத்தாளில் மூன்று பத்திக்குக் கோடு கிழித்துக்கொள்ளுங்கள்: சொந்தப் பெயரும் தகப்பன் பெயரும், செல்லப்பெயர், உறவு. பத்துப் பன்னிரண்டு பேரை எழுதினால் போதும். பலரும் குடும்பப் பெயரை மட்டும் குறித்துவைத்துத் தடுமாறுகிறார்கள். உரையாடலில் அது அதிகம் வராது. விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச்சுக்கோ நாவல் முழுவதிலும் குடும்பப் பெயரே கிடையாது.

அந்தப் போர்ஃபிரியை ஆறாம் பாகத்தில் கவனியுங்கள். கொன்றது யார் என்று ரஸ்கோல்னிகோவ் கேட்கிறான். "நீங்கள்தான், ரோதியோன் ரொமானோவிச்" என்கிறார். மூலத்தில், அடுத்து வரும் 'கொன்றீர்கள்' என்ற சொல்லின் வாலில் 'ஸ்' என்று ஓர் ஒலி ஒட்டியிருக்கிறது. 'ஐயா' என்பதற்கான ரஷ்யச் சொல் தேய்ந்து நின்ற எழுத்து அது. நம் பக்கத்து 'ங்க' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. "நீங்கதானுங்க கொன்னது" என்று சொல்லிப் பாருங்கள், அந்தக் காட்சியின் குளிர் தெரியும்.

கே: புஷ்கினை அப்படிப் புகழ்கிறார்கள். தமிழில் படித்தால் சப்பென்று இருக்கிறதே, ஏனுங்க? (வாசகர், பொள்ளாச்சி)

புஷ்கினின் செய்யுள் நாவலான 'யெவ்கேனி ஒனேகின்' பெரும்பகுதியும் 14 அடிச் செய்யுள்கள். அடிகளின் இறுதியில் ஓசை ஒத்து வரும் இயைபு: முதல் நான்கடியில் ஒன்றுவிட்டு ஒன்று, அடுத்த நான்கில் இரண்டிரண்டாக, அதற்கடுத்த நான்கில் வெளியடிகள் தமக்குள்ளும் உள்ளடிகள் தமக்குள்ளும், கடைசி இரண்டும் ஜோடி. இது கழன்றுபோனால் மிஞ்சுவது கதைச்சுருக்கம்தான்.

ஆனால் ஆங்கிலத்தால் முடியாத ஒன்று தமிழால் முடியும். ரஷ்ய மொழியிலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. 1828இல் புஷ்கின் எழுதிய எட்டடிக் கவிதை முழுக்க இதைப் பற்றியதே. அவள் வாய்தவறி 'நீ' என்றுவிடுகிறாள். அவன் உருகிப்போய் நிற்கிறான். வாய் 'நீங்கள் எவ்வளவு இனியவர்' என்கிறது, மனசு 'உன்னை எவ்வளவு நேசிக்கிறேன்' என்கிறது. சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒனேகினில் நாயகி தத்யானா எழுதும் காதல் கடிதமும் 'நீங்க'ளில் தொடங்கி, நடுவில் 'நீ'க்கு இறங்கி, முடிவில் 'நீங்க'ளுக்குத் திரும்புகிறது. மொழிபெயர்ப்பு வாங்கும்முன் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். முழுக்க ஒரே சொல்லாக இருந்தால், பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்தது.

கே: டால்ஸ்டாய்க்குத் திருக்குறள் தெரியுமா? (வாசகர், கரூர்)

தெரியும். 1908இல் இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸுக்கு எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடித'த்தில் 'இன்னா செய்யாமை' அதிகாரக் குறள்களை எடுத்தாண்டார். காந்தி அதைத் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார்.

கே: டால்ஸ்டாய் கதையில் பாகோம் நிலத்துக்காக ஓடுகிறானே, தெஸ்யதீனா என்பது எத்தனை ஏக்கருங்க? (பண்ணயம் பார்ப்பவர், தாராபுரம்)

சுமார் 2.7 ஏக்கர். பாகோம் முதலில் வாங்கும் 15 தெஸ்யதீனா, நாற்பது ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். கதையில் தூரத்துக்கு வரும் வெர்ஸ்த், 1.07 கிலோமீட்டர். பின்னால் அவனுக்கு நிலம் விற்கும் பாஷ்கீர் இனத்தார் தெஸ்யதீனா கணக்கில் விற்பதில்லை: நாளொன்றுக்கு 1,000 ரூபிள், பொழுது சாய்வதற்குள் சுற்றிவந்தது அவனுக்கு. கடைசி வரியில் வருவது 3 அர்ஷின், அதுவும் ஒரு நீள அளவு. ஓர் அர்ஷின் 28 அங்குலம். ஆக, அவனைப் புதைத்த குழி 7 அடி. ஆங்கிலத்தில் ஆறடி என்றே போட்டுவிட்டார்கள், தமிழிலும் அதுவே நிலைத்துவிட்டது.