தண்ணீர் வடியாத வாஷிங் மெஷின்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் எட்டு ஆண்டுகள் பழையது. துவைப்பதில் குறையில்லை. ஆனால் அலசும் நேரம் வந்ததும் தண்ணீர் வெளியேறாமல் தொட்டியிலேயே நின்றுவிடுகிறது; துணியைப் பிழிவதும் இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். அதற்கு முன் நாங்களே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: உண்டு, போர்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவசியம் பார்த்துவிடுங்கள். துவைக்கும்போது தொட்டியின் அடியில் சுழலும் தட்டான பல்சேட்டர் இரு பக்கமும் ஒழுங்காகச் சுற்றுகிறது என்றால் மோட்டார், பெல்ட், மோட்டாரைக் கிளப்ப மின்சாரம் தேக்கும் கெபாசிட்டர் மூன்றும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும், ஏனெனில் துணியைப் பிழிவதும் அதே மோட்டார்தான். தண்ணீர் மட்டத்தை அறியும் சென்சார், தொட்டி காலியாகிவிட்டது என்று தெரிவிக்காத வரை இயந்திரம் பிழியத் தொடங்காது. ஆகவே வடியாததும் பிழியாததும் இரண்டு கோளாறுகள் அல்ல, ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் வெளியேற்றும் குழாயைப் பாருங்கள். நம் ஊரில் விற்கும் டாப் லோடு இயந்திரங்கள் பலவற்றில் பம்ப் கிடையாது; தண்ணீர் தானாகவே கீழே வடிய வேண்டும். குளியலறை நிலைப்படிக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தாலோ, இயந்திரத்தைச் சுவரோடு தள்ளியதில் குழாய் மடங்கியிருந்தாலோ, எத்தனை போர்டு மாற்றினாலும் வடியாது. குழாய் தரையோடு தரையாகக் கிடக்கட்டும்.

குழாயில் குறையில்லை என்றால் அடுத்தது தண்ணீரை வெளியே திறந்துவிடும் டிரெயின் வால்வு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நான்கு விரற்கடைத் தண்ணீர் மட்டும் மிஞ்சும்படி குவளையால் மொண்டு ஊற்றிவிடுங்கள். பின்புறத் தகட்டையோ, எலி புகாமல் இருக்க அடியில் பூட்டிய தட்டையோ கழற்றினால், சிறிய மோட்டார் ஒன்று கம்பி மூலமாக வால்வோடு இணைந்திருப்பது தெரியும். அதுதான் டிரெயின் மோட்டார். அந்தக் கம்பியைக் குறட்டால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டினால் வால்வில் அடைப்பில்லை, இழுக்க வேண்டிய மோட்டார்தான் இழுக்கவில்லை என்று முடிவு செய்யலாம். இழுத்தும் சொட்டுச் சொட்டாக வந்தால் வால்வுக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது. கெபாசிட்டரின் முனைகளில் மட்டும் கை படவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடைப்பு என்றால் மீதித் தண்ணீரையும் துடைத்தெடுத்துவிட்டு வால்வின் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் உறையும் இருக்கும். சட்டைப் பையைத் துழாவாமல் துணி போடுகிற வீடுகளில் இங்கேதான் ஒரு ரூபாய் நாணயம், ஊக்கு, பித்தான், முடிச் சுருள் எல்லாம் கிடைக்கும். ரப்பரில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் துடையுங்கள். ஆனால் பிளீச்சிங் பவுடரை வினிகரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ரப்பர் கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

டிரெயின் மோட்டார் பழுது என்றால் அதே மாடலுக்கு உரியதை வாங்கிப் பொருத்த வேண்டும். கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மின் வயர்கள் மாறிப்போகாது. பல இயந்திரங்களில் இதே மோட்டார்தான் கிளட்ச்சின் நெம்புகோலையும் இழுத்துத் தொட்டியைச் சுற்றவிடுகிறது. அதனால் இது ஒன்று நின்றால் வடிவதும் பிழிவதும் சேர்ந்தே நின்றுவிடும். போர்டுதான் காரணம் என்று மெக்கானிக் அப்போதும் சொன்னால், வடிக்கும் நேரத்தில் போர்டிலிருந்து டிரெயின் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வரவில்லை என்று உங்கள் கண்முன் தெரிந்தால் அவர் சொல்வதை ஏற்கலாம். காட்ட மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: பிழியும்போது இயந்திரம் டமடமவென்று அடித்துக்கொண்டு இடம் மாறிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கனமான போர்வை ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் அது ஒரு பக்கம் சுருண்டு, புது இயந்திரம்கூட இப்படித்தான் ஆடும். துணியே இல்லாமல் சுற்றவிட்டும் ஆடுகிறதென்றால் நான்கு கால்களும் தரையில் சமமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டின் மேல் ஏற்றியிருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். பிறகு காலியான தொட்டியைக் கையால் அழுத்திவிடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட்டால் நல்லது. தொடர்ந்து ஊஞ்சலாடினாலோ ஒரு மூலை தாழ்ந்து நின்றாலோ தொட்டியைத் தொங்கவிடும் சஸ்பென்ஷன் ராடுகள் தளர்ந்துவிட்டன. ஒன்று போயிருந்தாலும் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: ஈரக் கையோடு மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது. வீட்டிலேயே சரிசெய்யலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாது. இன்றே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வீட்டின் எர்த் இணைப்பையும் இயந்திரத்தின் மின்கசிவையும் எலக்ட்ரீஷியன்தான் சோதிக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சான ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் இல்லையென்றால் அதையும் அவரிடமே பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: தண்ணீர் நிரம்பவே அரை மணி நேரம் ஆகிறது. தண்ணீரை உள்ளே விடும் வால்வு போய்விட்டதா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: அநேகமாக இல்லை. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, இயந்திரத்தின் பின்னால் தண்ணீர் வரும் இன்லெட் ஹோஸ் சேரும் இடத்தைக் கழற்றினால் விரல்நுனி அளவில் ஒரு வலை இருக்கும். உப்பும் மண்ணும் அதில்தான் அடைக்கும்; குறட்டால் மெல்ல இழுத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறக்காமல் திரும்பப் பொருத்துங்கள். வலை சுத்தமாக இருந்தும் மெதுவாகத்தான் வருகிறதென்றால் வீட்டின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உயரம் போதவில்லை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம்தான் கிடைக்கும். அதனால் மெஷின் இருக்கும் தளத்தின் மொட்டை மாடியிலேயே தொட்டி இருந்தால் வேகம் குறையத்தான் செய்யும்.