அக்கா கடைக்கு வரும் பார்சல்

கேள்வி: எனக்கு வயது 27. ஈப்போவில் தொழிற்சாலை வேலை, வீடு சுங்கை சிப்புட்டில் அப்பா அம்மாவோடு. ஜெட் போர் விமான மாடல்கள் ஒட்டுவதில் ஆசை. போனஸ் வந்திருக்கிறது, இருப்பதிலேயே சிறந்த கிட் (ஒட்டிச் செய்யும் துண்டுகள் அடங்கிய பெட்டி) ஒன்று வாங்க வேண்டும். தமியாவின் 1/48 (நிஜ விமானத்தில் 48இல் ஒரு பங்கு அளவு) எஃப்-14 டாம்கேட் வாங்கலாமா, ஸ்வெஸ்தாவின் 1/72 எஸ்யு-30 வாங்கி நம் மலேசிய ஆகாயப்படையின் சுகோயாகச் செய்யலாமா? கையில் 14 பெட்டிகள் இருக்கின்றன. இரண்டைத் தொடங்கினேன், முடியவில்லை. ஸ்கைஹாக் வால் தரையில் பட உட்கார்ந்துவிடுகிறது. ஹாக்கின் விமானி அறைக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிட்டது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர், பார்த்தால் திட்டுவார். அதனால் பார்சலெல்லாம் அக்காவின் தையல் கடைக்குத்தான் வரும். மாமா கேட்டால் ஜிப், நூல் என்று அக்கா சமாளித்துவிடுவார்.

பதில்: தம்பி, எஃப்-14ஐயும் சுகோயையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் எழுதிய உங்கள் கடைசி வரியை முதலில் பேசுவோம்.

உங்கள் பொழுதுபோக்குக்காக, கல்யாணமாகிப் போன உங்கள் அக்கா தன் புருஷனிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்சல் வரும்போதெல்லாம் சொல்கிறார். ஒருநாள் மாமா ஒரு பெட்டியைத் தானே பிரித்தால், பிளாஸ்டிக் விமானம்தானே என்று சிரித்துவிட்டுப் போகமாட்டார். இன்னும் எதையெல்லாம் என்னிடம் மறைத்தாய் என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு முன்னால் அக்கா தனியாக நிற்பார். நீங்கள் ஈப்போவில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தம்பி கேட்டால் மறுக்கமாட்டார் என்று தெரிந்துதானே அவரிடம் போனீர்கள்? கூடப் பிறந்தவளின் குடும்ப நிம்மதியைப் பணயம் வைத்து வாங்குகிற எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

அம்மா திட்டுவார் என்கிறீர்கள். இந்தப் பக்கத்துக்கு இப்படி நிறையக் கடிதங்கள் வருகின்றன. மீன் தொட்டி, தூண்டில், மோட்டார் சைக்கிள் சாமான் என்று பொருள்தான் மாறும், காரணம் ஒன்றேதான். நான் அதை நம்புவதில்லை. சம்பாதிக்கிற பிள்ளை 27 வயதில் அம்மாவுக்குப் பயந்து ஒளிக்கமாட்டான். உங்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் ஒளிக்கிறீர்கள். 14 பெட்டி இருக்கிறது, சொந்தக் காலில் நிற்கும் விமானம் ஒன்றுகூட இல்லை. இருட்டோடு எழுந்து மரம் வெட்டிக் காசு சேர்த்தவர், பிரிக்காமல் அடுக்கிய பெட்டிகளைப் பார்த்தால் திட்டத்தான் செய்வார். அது நியாயம்.

ஆகவே இந்த வாரமே கடைக்குப் போய், மாமா இருக்கும் நேரமாகப் பார்த்து, எல்லாம் என்னுடைய சாமான், அக்காவைச் சொல்லவைத்தது நான்தான் என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். போனஸில் வீட்டுக்கு என்று ஒரு பங்கை முதலில் அம்மா கையில் கொடுங்கள். மீதியை உங்கள் இஷ்டப்படி, வீட்டு முகவரி போட்டு, எல்லாருக்கும் தெரியச் செலவழியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கிட் வாங்குவதற்கு முன் பாதியில் நிற்கும் இரண்டையும் முடிக்க வேண்டும். இரண்டுமே சரிசெய்யக்கூடியவை.

ஸ்கைஹாக் மாடல்கள் வாலில் உட்காருவதற்குப் பேர்போனவை. கால்கள் உயரம், இறக்கைக்கு அடியிலுள்ள சக்கரங்களுக்குப் பின்னால் எடை அதிகம், மூக்கில் வெறும் காற்று. மூக்குக்குள் எடை வைக்கச் சொல்லி விளக்கத் தாளில் சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். தூண்டில் கடையில் சின்ன ஈயக்குண்டு வாங்குங்கள். முதலில் மூக்கின் மேல் டேப் போட்டு, முன்சக்கரம் தரையைத் தொடும்வரை குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாக உள்ளே போக வேண்டும், ஏனென்றால் எடை மூக்கு நுனியிலிருந்து பின்னால் தள்ளி இருக்க இருக்க அதன் பலன் குறையும். மூக்கு தனித் துண்டாக இருந்தால் ஒட்டிய கோட்டில் மெல்லிய ரம்பத்தால் அறுத்துத் திறக்கலாம். இல்லையென்றால் முன்சக்கரக் குழியின் கூரையில் குண்டு நுழையும் அளவுக்குத் துளை போட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளி, மூக்கைக் கீழே சாய்த்துப் பிடித்து, ஐந்து நிமிட எப்பாக்ஸிப் பசையை விடுங்கள். வெள்ளைப் பசையை ஈயத்தின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மூடிய இடத்தில் ஈயம் வெள்ளைத் தூளாகப் பூத்துப் பருத்து, சில வருஷத்தில் மூக்கையே பிளக்கும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். குவாந்தானிலிருந்து 1980களில் பறந்த நம் ஆகாயப்படை விமானம் அது, குப்பைக்குப் போகக்கூடாது.

ஹாக்கின் கண்ணாடி பூத்ததற்குக் காரணம் சூப்பர் குளூ. அதன் ஆவி மூடிய இடத்தில் சுற்றி, தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும். கத்தி நுனியால் ஓரத்தை மெதுவாக நெம்பிக் கழற்றுங்கள். பூப்பு பெரும்பாலும் உள்பக்கம் இருக்கும், கழற்றாமல் துடைத்துப் பயனில்லை. 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு 4000, கடைசியில் தமியாவின் பாலிஷ் காம்பவுண்டை முரடு, மென்மை, மிக மென்மை என்ற வரிசையில் பருத்தித் துணியால். அவசரப்பட்டு முரட்டுத் தாளில் தொடங்கினால் கீறல் ஆழமாகிவிடும். திரும்ப ஒட்டும்போதுதான் வெள்ளைப் பசை. உலர்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

இப்போது உங்கள் கேள்வி. தமியா 2016இல் வெளியிட்ட 1/48 எஃப்-14ஏ அருமையான கிட், துண்டுகள் சொன்ன இடத்தில் போய் உட்காரும். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம். முடிந்தால் நீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், இறக்கையை விரித்தால் அகலமும் அவ்வளவு. பல்லி எச்சமும் தூசியும் படாமல் வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும், அதற்கு வீட்டில் இடம் வேண்டும். இரண்டு இன்ஜின், இரண்டு காற்றுக் குழாய், இரண்டு இருக்கை என்று எல்லாம் இரட்டிப்பு வேலை. அலுப்பு தட்டும் இடத்தில் நிறுத்துவது உங்கள் பழக்கம், இதில் அலுப்பு தட்டும் இடங்கள் நிறைய.

எஸ்யு-30 இன்னொரு கதை. ஸ்வெஸ்தாவின் பெட்டி ரஷ்ய எஸ்எம் வகைக்கானது. மலேசியா வாங்கிய எம்கேஎம் வகைக்கு மிக அருகில் வரும், இருவகைக்கும் முன்னால் சிறு இறக்கை உண்டு. ஆனால் எச்சரிக்கை உணர்கருவிகள் சில மாறும், அவற்றைப் புகைப்படம் பார்த்து நீங்களே செய்து ஒட்ட வேண்டும். பெட்டியிலுள்ள டீக்கால், அதாவது விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்களும் எண்களும், ரஷ்யாவுடையது. 1/72இலும் 30 சென்டிமீட்டர் நீளம். உடலும் இறக்கையும் கலக்கும் நீண்ட ஒட்டுக்கோடுகளைப் புட்டி பூசித் தேய்க்கத் தெரியாமல் தொட்டால் அதுவும் பாதியில் நிற்கும்.

உங்களுக்கு அடுத்த கிட், கையிலிருக்கும் பெட்டிகளில் ஒன்றுதான். 1/72, ஒற்றை இன்ஜின், ஒற்றை இருக்கை உள்ளதாகத் தேடுங்கள். அப்படி ஒன்றுமில்லை என்றால் மட்டும் தமியாவின் 1/72 எஃப்-16சிஜே வாங்குங்கள், 21 சென்டிமீட்டர். இங்கே ஓர் எச்சரிக்கை: தமியாவின் 1/72 வரிசையில் பல ஜெட்கள் இன்னொரு நிறுவனமான இத்தாலேரியின் அச்சு, பெட்டிதான் தமியா. எஃப்-16சிஜே அவர்களுடைய சொந்த அச்சு. பெட்டியின் பெயரைப் பார்த்து வாங்காமல் அச்சு யாருடையது, எந்த வருஷத்தது என்று பாருங்கள். பழைய அச்சுகளில் தகட்டுக் கோடுகள் மேடாக இருக்கும், ஒட்டுக்கோட்டைத் தேய்க்கும்போது அவையும் சேர்ந்து போய்விடும்.

மற்ற பெட்டிகளையும் பிரித்து டீக்கால் தாள்களை வெளியே எடுங்கள். மஞ்சளடித்ததா, வெடித்ததா என்று பார்த்து, நல்லதை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். தகரக் கூரையின் சூட்டுக்கும் நம் ஈரத்துக்கும் முதலில் கெடுவது அதுதான். மூன்று வருஷத்துக்குள் ஒட்டமாட்டோம் என்று மனசுக்குத் தெரிந்தவற்றை விற்றுவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் துண்டுகளைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுங்கள், அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கில் பெயின்ட் பிடிக்காது. லாக்கர் ஸ்பிரேயை மழை இருட்டிவரும் மத்தியானத்தில் அடிக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரம் படிந்து பெயின்ட் வெளுத்துவிடும். காலை வெயில் ஏறியபின், முகமூடி போட்டு, வீட்டுக்கு வெளியே அடியுங்கள். டீக்காலுக்கு முன் பளபளப்பான கிளியர் பூச்சு அவசியம். பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும்.

மூன்று விமானங்கள் முடிந்து வீட்டு ஹாலில் நின்றபின் சுகோய்க்குப் போங்கள். நம் ஆகாயப்படை 18 எம்கேஎம் வாங்கியது, 2007இலிருந்து கோங் கெடாக் தளத்துக்கு வந்தவை. உடல் முழுக்க ஏறக்குறைய ஒரே கருஞ்சாம்பல், பெயின்ட் வேலை குறைவு. ஆனால் கிட்டை முதலில் வாங்காதீர்கள். மலேசிய டீக்கால் தாள்கள் தனியாகக் கொஞ்சமாக அச்சாகும், தீர்ந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தாள் கைக்கு வந்தபின் கிட்டுக்குப் பணம் கட்டுங்கள்.