பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் தொங்குகிறது: ஓபன்ஸ்டாக்கை மறுபடி நிறுவ வேண்டாம்

கேள்வி: வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வரில் கொல்லா ஆன்சிபிள் என்ற நிறுவும் கருவி மூலம் ஓபன்ஸ்டாக் (சொந்த கிளவுட் அமைக்கும் மென்பொருள்) நிறுவினேன். ஒரே சர்வரில் எல்லாம் ஓடியது. விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் பகுதியான கம்ப்யூட்டை இரண்டாவது சர்வருக்கு மாற்றியதும், மெஷினை வெளியிலிருந்து அடையும் முகவரியான ஃப்ளோட்டிங் ஐபிக்கு பிங் போகிறது, உள்ளே நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் தொங்கி நிற்கிறது. மூன்று முறை அழித்து நிறுவிவிட்டேன். ஆன்லைனில் பழக்கமான ஒருவர் எல்லா போர்ட்டையும் திறக்கச் சொன்னார். பிறகு பணம் கொடுத்தால் தானே சரிசெய்வதாகச் சொல்லி, உள்நுழைவு விவரம் இருக்கும் ஓபன்ஆர்சி கோப்பைக் கேட்டார், அனுப்பிவிட்டேன்.

பதில்: முப்பது முறை நிறுவினாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். கோளாறு ஓபன்ஸ்டாக்குக்குக் கீழே இருக்கிறது.

எஸ்எஸ்ஹெச்சை விவரப் பதிவோடு ஓட்டிப் பாருங்கள். இணைப்பு கிடைத்துவிட்டது என்று காட்டி, சாவிப் பரிமாற்றத்தில் நின்றால் போர்ட் 22 திறந்தே இருக்கிறது என்று பொருள். அப்படியிருக்க எல்லாவற்றையும் திறக்கச் சொன்னவருக்கு வேலை தெரியவில்லை. அல்லது தெரிந்தே சொன்னார். திறந்ததை முதலில் மூடுங்கள்.

பிங் சின்னப் பொட்டலம், எங்கும் நுழைந்துவிடும். சாவிப் பரிமாற்றத்தில் போவது பெரிய பொட்டலம். இரண்டு சர்வர்களுக்கு நடுவே, ஓபன்ஸ்டாக்கின் நெட்வொர்க் பகுதியான நியூட்ரான் அதை விஎக்ஸ்லேன் என்ற இன்னொரு பொட்டல உறையில் போட்டு அனுப்புகிறது. உறைக்கு 50 பைட். அடியில் இருக்கும் நெட்வொர்க் ஒரு பொட்டலத்துக்கு 1500 பைட் தாங்கும் என்று நம்பி, இன்ஸ்டன்ஸுக்கு (உங்கள் விர்ச்சுவல் மெஷினுக்கு) 1450 என்று நியூட்ரான் சொல்லிவிடுகிறது. உங்கள் வாடகை சர்வரே ஏற்கெனவே இன்னொரு உறைக்குள் ஓடிக்கொண்டிருந்தால்? அதன் அளவே 1450ஆக இருக்கலாம். பெரிய பொட்டலம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஒரே சர்வரில் உறையே தேவைப்படவில்லை, அதனால் ஓடியது.

சோதிப்பது சுலபம். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு, துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1472 அளவில் பிங் செய்யுங்கள். தலைப்பு 28 சேர்ந்தால் 1500. அது போகாமல் 1422 போனால் அடிநெட்வொர்க் 1450 தாங்கும், 1500 தாங்காது. நியூட்ரான் அமைப்பில் குளோபல் பிஸ்நெட் எம்டியு (global_physnet_mtu, அடிநெட்வொர்க்கின் பொட்டல அளவு) என்ற இடத்தில் 1450 கொடுத்து நியூட்ரானை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே உருவாக்கிய நெட்வொர்க்கில் பழைய எண்ணே நிற்கும். அதைத் தனியாக 1400 (1450இல் உறைக்கான 50 போக) ஆக்கி, இன்ஸ்டன்ஸை ரீபூட் செய்யுங்கள். இவ்வளவுதான் வேலை. இந்த எண் ஒத்துவரவில்லை என்று ஒரு வரி எச்சரிக்கை காட்ட இந்த மென்பொருளுக்கு 2010இலிருந்து நேரம் கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கொரு வெளியீடு மட்டும் தவறாமல் வருகிறது.

எண்ணைக் குறைக்காமல் அடிநெட்வொர்க்கை 9000க்கு உயர்த்தலாமே என்பார்கள். சொந்த சர்வர், சொந்த ஸ்விட்ச் என்றால் உயர்த்தலாம். அப்போதும் முதலில் ஸ்விட்ச்சில் ஒவ்வொரு போர்ட்டிலும் உயர்த்த வேண்டும், அப்புறம்தான் சர்வரில்: கார்டு, பாண்ட், பிரிட்ஜ் எல்லாவற்றிலும். நடுவில் ஒரே ஒரு போர்ட் 1500இல் நின்றாலும் இதே நோய், இன்னும் மோசமாக. நான் அப்படி ஒரு போர்ட்டைத் தேடி இரண்டு இரவு கண்விழித்திருக்கிறேன். இணைப்பு விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. வாடகை சர்வரில் ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லை, எனவே இந்தப் பேச்சே வேண்டாம்.

இப்போது அந்த நல்லவர் விஷயம். ஓபன்ஆர்சி கோப்பில் அட்மின் பாஸ்வேர்ட் அப்படியே எழுதியிருக்கும். அது மொத்த கிளவுடின் சாவி. இதே ஆட்கள் அடுத்து கொல்லாவின் பாஸ்வேர்ட் கோப்பைக் கேட்பார்கள். அதில் டேட்டாபேஸ் முதல் எல்லாச் சேவைகளின் கடவுச்சொல்லும் வெற்றெழுத்தில் கிடக்கிறது. இன்னொரு வகை ஆசாமி ‘ரெடிமேட் ஸ்கிரிப்ட்’ விற்பார். ஒரு நண்பர் வாங்கியதைப் பிரித்துப் பார்த்தால் இலவசமாகக் கிடைக்கும் டெவ்ஸ்டாக்! டெவலப்பர்கள் சோதித்துப் பார்த்துத் தூக்கிப்போடுவதற்கானது அது.

இன்றைக்கே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதோடு விடாதீர்கள்: பயனர் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா, அட்மின் பெயரில் அப்ளிகேஷன் கிரெடென்ஷியல் (பாஸ்வேர்ட் இல்லாமலே நுழைய உதவும் தனிச் சாவி) ஏதாவது உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் மாறினாலும் அந்தக் கிரெடென்ஷியல் உயிரோடு இருக்கும். கண்டால் நீக்குங்கள்.