பிசிபி ஆலைக் கழிவும் அதற்குள் போகும் செம்பும்: கேள்வி பதில்

பிரிண்டட் சர்க்யூட் போர்டு (பிசிபி), அதாவது மின்னணுச் சாதனங்களுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை, செய்யும் ஆலைகளில் கழிவுநீரையும் கழிவு உலோகத்தையும் கவனிக்கும் வேலையில் பதினெட்டு வருடம் இருந்தேன். "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றதும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். வந்த வரிசையில் பதில் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குத் தாமதிக்கக் கூடாது, அதனால் அதுவே முதலில்.

கேள்வி (ஓசூர், மைக்ரோ எட்ச் பகுதியில், அதாவது போர்டின் செம்பை லேசாக அரித்துச் சுத்தம் செய்யும் இடத்தில் வேலை): அக்கா, பழைய மைக்ரோ எட்ச் திரவத்தை பேரலில் ஊற்றி மூடி வைத்தோம். காலையில் பார்த்தால் பேரல் வயிறு உப்பியிருக்கிறது. மூடியைத் திறந்து காற்றை விடலாமா?

திறக்காதீர்கள் தம்பி. பக்கத்தில் யாரையும் விடாதீர்கள். தள்ளி நின்று வெளிப்புறத்தில் தண்ணீர் பீய்ச்சிக் குளிரவையுங்கள். உடனே பாதுகாப்பு அதிகாரிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

அது கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த திரவம். அதில் கரைந்த செம்பு பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற வேகமும் ஏறும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஓர் ஆலையில் இப்படி ஒரு பேரல் இரவில் வெடித்தது. அந்த நேரம் அங்கே ஆள் இல்லை என்பதால்தான் உயிர் போகவில்லை. அன்றைக்குப் பயந்த பயம் இன்னும் எனக்குள் இருக்கிறது. இனிமேல் பெராக்சைடு முழுக்க அடங்கும்வரை திறந்த தொட்டியில் விட்டுவையுங்கள். அப்புறம் காற்றுத் துளை உள்ள மூடி போட்ட பேரலில் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர், டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர்): கழிவில் செம்பு போகிறது என்கிறார்கள். அப்படி எவ்வளவுதான் போகும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரண போர்டில் செம்புத் தகடு 35 மைக்ரான் தடிமன். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பக்கம் சுமார் 305 கிராம், இரண்டு பக்கமும் சேர்த்தால் 610. நமக்குத் தேவை மின்சாரம் ஓடும் செம்புப் பாதைகள் மட்டும்தான், மற்றதையெல்லாம் கரைத்து எடுக்கிறோம். பாதி போகிறது என்று வைத்தாலே சதுர மீட்டருக்கு 300 கிராம் திரவத்துக்குள் போய்விடுகிறது. செம்பைக் கரைக்கும் அந்தத் திரவத்துக்குப் பெயர் எட்சண்ட். லிட்டருக்கு 150 கிராம் செம்பு ஏறிய எட்சண்ட் என்றால், ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றில் 150 கிலோ செம்பு இருக்கிறது. தாதுவைத் தோண்டி எடுத்து, உருக்கி, தகடாக்கிக் கொண்டுவந்த செம்பு அது.

கேள்வி (அதே ஊர், ஸ்டோர்ஸ்): அந்த எட்சண்ட்டை ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். கழிவை ஏன் வாங்குகிறார்?

அதிலிருந்து மயில்துத்தம் செய்யலாம், அதாவது காப்பர் சல்பேட். சுண்ணாம்போடு சேர்த்துத் தோட்டங்களுக்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது அதுதான். காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியும் இதே செம்பிலிருந்து வரும். மின்சாரம் செலுத்தித் தகடாகவும் எடுக்கலாம். ஆனால் வாங்குபவரிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும். லாரியில் ஏற்றியதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடாது.

இன்னொன்று. அமில எட்சண்ட்டையும் அம்மோனியா எட்சண்ட்டையும் ஒரே தொட்டியில் ஊற்றாதீர்கள். கொதிக்கும், வெள்ளைப் புகை கிளம்பும். அப்புறம் அந்தச் சரக்கை யாரும் வாங்க மாட்டார்கள், காசு கொடுத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி (ஈடிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், ஊர் சொல்லவில்லை): மேடம், காஸ்டிக் போட்டு பிஹெச் 9 வரை ஏற்றினாலும் செம்பு இறங்கவே இல்லை. ரிப்போர்ட்டில் 12, 15 என்று வருகிறது. சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டுகிறார்.

உங்கள் மேல் தப்பு இல்லை. ஆற்றிலும் ஓடையிலும் விடும் நீரில் செம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வெறும் செம்பு அயனி என்றால் 8.5, 9 பிஹெச்சில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். உங்கள் தண்ணீரில் செம்பை ஏதோ பிடித்துவைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் துளைகளுக்குள் செம்பு பூசும் எலக்ட்ரோலெஸ் குளியலிலிருந்து வரும் ஈடிடிஏ என்ற, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனமாக இருக்கலாம், எட்சிங் கழுவுநீரில் வரும் அம்மோனியாவாகவும் இருக்கலாம். தண்ணீர் தெளிந்த பிறகும் கரும் நீலமாக நின்றால் அம்மோனியா மேல் சந்தேகப்படுங்கள்.

ஒரு பீக்கரில் சோதித்துப் பாருங்கள். அமில நிலையில் ஃபெரஸ் சல்பேட் போட்டுக் கலக்கி, அப்புறம் சுண்ணாம்பால் பிஹெச்சை ஏற்றுங்கள். ஈடிடிஏவை இரும்பு பிடித்துக்கொள்ளும், செம்பு விடுபட்டுப் படியும். ஸ்லட்ஜ், அதாவது அடியில் படியும் சேறு, அதிகமாகும், அதைத் தவிர்க்க முடியாது. சோடியம் சல்பைடும் வேலை செய்யும். ஆனால் அமிலத் தண்ணீரில் அதைப் போட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அது ஆளைக் கொல்லும், பிஹெச்சைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

நிரந்தரத் தீர்வு வேறு. எலக்ட்ரோலெஸ் கழுவுநீருக்கும் அம்மோனியா கழுவுநீருக்கும் தனித்தனிக் குழாய் போட்டுத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். அந்தக் குழாய்க்குச் செலவு செய்யாத நிர்வாகம் ஆபரேட்டரைத் திட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இந்தப் பதிலை அப்படியே அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி (கோவை, சிறிய அசெம்பிளி யூனிட் நடத்துபவர்): வேவ் சோல்டரிங் தொட்டியில், அதாவது போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் உருகிய சோல்டர் தொட்டியில், மேலே மிதக்கும் கசடை காயலான் கடையில் போட்டுவிடுகிறோம். சரிதானா?

நஷ்டம் உங்களுக்குத்தான் அம்மா. ட்ராஸ் என்கிற அந்தக் கசடு பார்க்கச் சாம்பல் மாதிரி இருந்தாலும் பெரும்பகுதி நல்ல உலோகம், ஆக்சைடுக்குள் சிக்கிக் கிடக்கிறது. லெட், அதாவது காரீயம், இல்லாத எஸ்ஏசி305 சோல்டர் என்றால் வெள்ளீயம் 96.5 சதவீதம், வெள்ளி 3, செம்பு அரை. வெள்ளி கலந்த சரக்கை எடைக்குப் போடலாமா? அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, எவ்வளவு உலோகம் திரும்பக் கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய 63/37 சோல்டர் கம்பியையும் (வெள்ளீயம் 63, லெட் 37 சதவீதம்) இதையும் கலக்கவிடாதீர்கள். 300 கிலோ தொட்டியில் அந்தக் கம்பி ஒரே ஒரு கிலோ விழுந்தால் 370 கிராம் லெட் சேரும், அதாவது 0.12 சதவீதம். மின்னணுப் பொருட்களில் நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஸ் (RoHS) விதி அனுமதிப்பது 0.1. ஒரு கிலோவால் மொத்தத் தொட்டியும் கெட்டது. ட்ராஸ் அள்ளுபவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுங்கள். சோறு சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): போர்டிலிருந்து தங்கம் எடுக்கும் வீடியோ பார்த்தேன். வீட்டில் முயற்சி செய்யலாமா?

வேண்டாம் கண்ணா. அந்தத் தங்கப் பூச்சு பெரும்பாலும் 0.05 மைக்ரான், அதுவும் பாகங்களைப் பற்றவைக்கும் பேடுகளில் மட்டும். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் முழுக்கச் சுமார் 79,000 டன் சின்னச் சாதனங்களும் 62 லட்சம் கைபேசிகளும் திரட்டினார்கள். கிடைத்த தங்கம் 32 கிலோ. நீ நாலு போர்டில் எடுக்கப்போவது என்ன? தங்கத்தைக் கரைக்கும் ராஜதிராவகம் என்ற அமிலக் கலவையிலிருந்து வரும் பழுப்புப் புகை நுரையீரலைப் பாழாக்கும். போர்டை எரிப்பது இன்னும் மோசம். அதில் புரோமின் இருக்கிறது, கூடவே செம்பு இருப்பதால் டயாக்சின் வகை நச்சுகள் உருவாவது எளிதாகிறது.

கேள்வி (ஒரு சிறு ஆலையின் கணக்காளர்): ஸ்லட்ஜை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

2016 அபாயக் கழிவு விதிகளின்படி பொதுவாக 90 நாள். ஏற்றும்போது படிவம் 10, அதாவது மேனிஃபெஸ்ட், கட்டாயம். வீணான போர்டுகளுக்கு 2022 மின்னணுக் கழிவு விதிகள் தனி.

கேள்வி (தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்): எங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. காய்ச்சிக் குடித்தால் போதுமா?

காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. செம்பு, நிக்கல், லெட் மூன்றையும் பரிசோதிக்கக் கொடுங்கள். குடிநீரில் லிட்டருக்கு லெட் 0.01, நிக்கல் 0.02 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கரைப்பான்களுக்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் சிலிக்கான் பள்ளத்தாக்கின் சான் ஹோசேயில் 1980களின் தொடக்கத்தில் குடிநீர்க் கிணறு கெட்டதற்குக் காரணம், சிப் ஆலையின் நிலத்தடித் தொட்டியிலிருந்து கசிந்த கரைப்பான். வெளியே பார்த்தால் அது புகைபோக்கிகூட இல்லாத, பளபளவென்ற ஆலை. உங்கள் பயத்தை யாரும் தட்டிக்கழிக்க விடாதீர்கள். ரிப்போர்ட் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.