ஜப்பான் காருக்கு டெக்சாஸ் டைட்டில்: கப்பல் ஏறும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். ஜப்பானில் ஓர் ஏற்றுமதியாளரிடம் 1999-ஆம் ஆண்டு நிசான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறது. என் பெயரில் டைட்டில் (வண்டியின் உரிமைச் சான்று) வாங்க என்னென்ன வேண்டும்?

பதில்: கஸ்டம்ஸைத் தாண்டி வந்த கார்கூட கவுண்டி வரி அலுவலக கவுன்டரில் நின்றுபோவதுண்டு. பெரும்பாலும் தகராறு பெயரிலோ எண்ணிலோதான்.

முதலில் பெயர். நம்மவர்களுக்கு இது தனித் தலைவலி. டிரைவிங் லைசென்ஸில் ‘கார்த்திக் சுந்தரம்’. ஏற்றுமதியாளர் இன்வாய்ஸில் ‘எஸ். கார்த்திக்’. நமக்கு இருவரும் ஒருவரே, கவுன்டரில் இருப்பவருக்கு இரண்டு ஆட்கள். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது), கஸ்டம்ஸின் 7501 இறக்குமதிப் படிவம், டைட்டில் விண்ணப்பமான 130-யு எல்லாவற்றிலும் லைசென்ஸில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். இன்வாய்ஸை இப்போதே திருத்தி வாங்கிவிடுங்கள். 7501 தாக்கலான பிறகு திருத்துவது பெரும்பாடு.

அடுத்து வயது. 25 ஆண்டு ஆன வண்டிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து கிடைக்கும் விலக்குக்கு மாடல் ஆண்டு உதவாது, தயாரான மாதம்தான் கணக்கு. பல ஜப்பான் கார்களில் அந்த மாதம் அச்சிட்ட தகடே இருக்காது. அப்போது ஏற்றுமதிச் சான்றிதழில் உள்ள முதல் பதிவு மாதத்தைக் காட்டலாம். அதில் 1999 என்று தேடாதீர்கள். ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ‘ஹெய்செய் 11’ என்றிருக்கும். ஹெய்செய் எண்ணோடு 1988-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்தே கொடுங்கள்.

துறைமுகத்தில் பாதுகாப்பு விதிகளுக்கான எச்.எஸ்-7 படிவத்தின் முதல் கட்டமும், சுற்றுச்சூழல் முகமையின் 3520-1 படிவத்தில் ‘ஈ’ குறியீடும் உங்களுக்கானவை. ‘ஈ’ என்பது 21 ஆண்டு தாண்டிய, அசல் நிலையில் உள்ள வண்டிக்கான புகை விதி விலக்கு. எஞ்சினை மாற்றி வேறு வகை ஏற்றியிருந்தால் இந்த விலக்கை நம்பாதீர்கள். அடிப்பாகத்தில் மண் ஒட்டியிருந்தால் வேளாண் துறை நிறுத்திவைக்கும். ஏற்றும் முன்பே கழுவச் சொல்லுங்கள்.

இனி சேசிஸ் எண். அமெரிக்க ‘வின்’ (வாகன அடையாள எண்) 17 இலக்கம், உங்களுடையது ‘பி.என்.ஆர்34’ என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு ஆறு இலக்கம். கம்ப்யூட்டர் ஏற்காதபோது ஊழியர் முன்னால் பூஜ்யங்களைச் சேர்த்து நிரப்பப் பார்ப்பார், விடாதீர்கள். 17 இலக்கமில்லாத வெளிநாட்டு எண் என்று எடுத்துச் சொல்லி அப்படியே பதியச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்தால் ஃபயர்வாலில் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில்) அடித்திருக்கும் எண்ணைப் படமெடுத்து வைத்திருங்கள். காவல்துறை அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்திடும் படிவம் வேண்டுமா என்று கவுண்டியிடம் முன்கூட்டியே கேளுங்கள். இன்ஷூரன்ஸிலும் அதே எண் வர வேண்டும். கோடு உண்டா இல்லையா என்பதுவரை.

விற்பனைச் சங்கிலியும் அறுபடக் கூடாது. ஏற்றுமதிச் சான்றிதழில் ஏற்றுமதியாளர் பெயர் இருந்தால் அவர் உங்களுக்கு எழுதிய விற்பனை ரசீது போதும். வேறு பெயர் இருந்தால் இடையில் கைமாறியதற்கும் ரசீது கேளுங்கள். டெக்சாஸில் விற்பனை வரி 6.25 சதவீதம், அதையும் அதே கவுன்டரில்தான் கட்ட வேண்டும்.

பின்னாளில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயரும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். 25 ஆண்டு விலக்கு அந்த மாநிலத்தின் புகை விதியிடம் செல்லாது.

ஏற்றுமதிச் சான்றிதழின் அசல் பிரதியை கஸ்டம்ஸ் புரோக்கர் வாங்கிக்கொண்டால், வேலை முடிந்ததும் 7501 நகலோடு சேர்த்துத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் அசலைத்தான் கேட்பார்கள்.