வெள்ளிக்கிழமைக் காலிறுதி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் சிற்றூர்) இருக்கிறோம். ஊர் சமுதாயக் கூடத்தில் மாலைதோறும் ஷட்டில் (பேட்மிண்டன்) ஆடுகிற கூட்டம் எங்களுடையது. பெரிய போட்டி நடக்கும் வாரங்களில் அதே கூடத்தில் புரொஜெக்டர் வைத்துச் சேர்ந்து பார்க்கிறோம். சனி, ஞாயிறு சிக்கலில்லை. வெள்ளிக்கிழமைக் காலிறுதிதான் குழப்பம். இருபது ஆட்டம்; எது எப்போது என்றே தெரிவதில்லை. தேயிலை எடை போட்டுவிட்டு வருவதற்குள் பார்க்க நினைத்த ஆட்டம் முடிந்திருக்கிறது. மழை வந்தால் கரண்டும் போகிறது, டிஷ்ஷும் போகிறது. அரையிறுதியிலிருந்து பார்த்தால் போதாதா என்கிறார்கள் பெரியவர்கள். இன்னொன்று: டிவியில் பின்கோட்டுக்குள் அழகாக இறங்குகிற டாஸை (உயரத் தூக்கி அடிக்கும் அடி) எங்கள் கூடத்தில் அடித்தால் காக் (இறகுப்பந்து) கோட்டைத் தாண்டிப் பறக்கிறது. எங்கள் கை தப்பா, காக் தப்பா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர்கள் கேட்டதற்கு முதலில். ஒரு போட்டியில் ஒரே நாள்தான் பார்க்க முடியும் என்றால் நான் வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன். வழக்கமான போட்டியில் ஒற்றையர் டிராவில் (யாரோடு யார் மோதுவது என்ற அட்டவணை) 32 பேர், அவர்களில் எட்டுப் பேருக்கு சீடிங் (தரவரிசைப்படி முன்னிடம்). முதல் நான்கு சீடுகளை ஆளுக்கொரு கால்பகுதியில் வைப்பார்கள். 5 முதல் 8 வரை உள்ளவர்களையும் அப்படியே பிரித்து வைப்பார்கள். எல்லோரும் எதிர்பார்த்தபடி ஜெயித்து வந்தால், இந்த எட்டுப் பேர் தங்களுக்குள் மோதும் முதல் நாள் காலிறுதி. நம் ஆட்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவில் இன்னும் மிச்சமிருக்கும் கடைசி நாளும் பல வாரங்களில் அதுதான்.

உலக சாம்பியன்ஷிப்பில் இதற்கு இன்னும் கனம் கூடுகிறது. அங்கே மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் கிடையாது. அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம். ஆகவே காலிறுதியை ஜெயித்தாலே பதக்கம் உறுதி. 2023-ல் கோபன்ஹேகனில் நம் பிரணாய், டென்மார்க்கின் ஆக்செல்சனை அவருடைய சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னாலேயே 13-21, 21-15, 21-16 என்று வென்றது காலிறுதியில்தான். பதக்கம் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. ஒலிம்பிக் அப்படியல்ல, அங்கே வெண்கலத்துக்குத் தனி ஆட்டம் உண்டு. 2024 பாரிஸில் லக்‌ஷயா சென் காலிறுதியை ஜெயித்தும் பதக்கமில்லாமல் திரும்பியது அதனால்.

2019-ல் பாசல் நகரில் சிந்து உலக சாம்பியன் பட்டம் வென்ற இறுதி ஆட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும்: ஜப்பானின் ஒகுஹாராவை 21-7, 21-7. அந்த வாரத்தின் நிஜமான போர் இரண்டு நாள் முன்பே நடந்துவிட்டது. காலிறுதியில் தைவானின் டாய் ட்சு யிங்கிடம் முதல் கேமை 12-21 என்று இழந்து, அடுத்ததை 23-21, மூன்றாவதை 21-19 என்று பிடித்தார். இறுதியை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தத் தங்கம் எவ்வளவு நூலிழையில் நின்றது என்பது தெரிந்திருக்காது. பெரியவர்களை அந்தக் காலிறுதியை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வேறு வாதமே தேவையில்லை.

இனி நேரக் கணக்கு. ஐந்து பிரிவு (ஆண்கள், பெண்கள் ஒற்றையர்; ஆண்கள், பெண்கள், கலப்பு இரட்டையர்), பிரிவுக்கு நான்கு என்று இருபது ஆட்டம். காலிறுதியன்று பெரும்பாலும் இரண்டு கோர்ட்தான் ஓடும், கோர்ட்டுக்குப் பத்து. வியாழக்கிழமை ஆட்டங்கள் முடிந்ததும் மறுநாள் ஆட்ட வரிசை உலக பேட்மிண்டன் கூட்டமைப்பின் தளத்தில் வந்துவிடும். அதில் முதல் ஆட்டத்துக்கு மட்டுமே கடிகார நேரம் திட்டவட்டமாக இருக்கும். மற்றவை முந்தையது முடிந்ததும் தொடங்கும். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 50 நிமிடம் போடுங்கள். ஐந்தாவது ஆட்டம் பார்க்க வேண்டுமானால் முன்னால் நான்கு: 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். ஆண்கள் இரட்டையர் வரிசையாக வந்தால் கணக்கு முந்தும். பெண்கள் இரட்டையர் ஒன்று மூன்று கேம் போனால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். யாராவது காயத்தால் விலகினால் அந்தக் கோர்ட் முழுவதும் ஒரு ஆட்டம் முன்னால் நகர்ந்துவிடும். நீங்கள் ஆட்டத்தைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். எனவே உங்கள் ஆட்டத்துக்கு இரண்டு ஆட்டம் முன்பிருந்தே லைவ் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஊர்வாரியாக நம் நேரத்துக்கு மாற்ற: டோக்கியோ நேரத்தில் மூன்றரை மணி கழிக்க வேண்டும், கோலாலம்பூருக்கும் சீனாவுக்கும் இரண்டரை, ஜகார்த்தாவுக்கு ஒன்றரை. மார்ச்சில் பர்மிங்காமில் நடக்கும் ஆல் இங்கிலாந்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள், அக்டோபர் டென்மார்க் போட்டிக்கு மூன்றரை. கோலாலம்பூரில் பகல் ஒரு மணிக்குத் தொடங்கினால் நமக்குக் காலை பத்தரை. கடைசி ஆட்டங்கள் மாலை ஆறு மணி வாக்கில் தொடங்கும். இலை எடை முடித்து ஐந்தரைக்குக் கூடத்துக்கு வந்தாலும் கோர்ட்டுக்கு ஒன்றிரண்டு ஆட்டம் மிச்சமிருக்கும். ஐரோப்பியப் போட்டிகள் உங்களுக்கென்றே வைத்த மாதிரி, மாலையும் இரவும் முழுதாகக் கிடைக்கும்.

ஒளிபரப்பு உரிமை கைமாறிக்கொண்டே இருப்பதால் எந்தச் சேனல், எந்தச் செயலி என்பதை வியாழனன்றே பார்த்து வைத்துவிடுங்கள். டிவி பெரும்பாலும் ஒரு கோர்ட்டைத்தான் காட்டும். மொபைல் நெட்டில் பார்ப்பதானால் நொடிக்கு 60 ஃபிரேம் உள்ள 720 தரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். அதற்கு மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல் ஆகும். ஆனால் 480-க்கு இறக்கினால் ஃபிரேம் பாதியாகிவிடும். ஸ்மாஷில் காக் திரையிலிருந்தே மறைந்துபோகும். சிக்னல் அவ்வளவுதான் என்றால் ஆண்கள் இரட்டையரை விட்டுவிட்டுப் பெண்கள் ஒற்றையரைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட ராலிகள், வேகம் சற்றே குறைவு. மங்கலான படத்திலும் ஆட்டம் புரியும். ஒரு எச்சரிக்கை: லைவ் ஸ்கோர் படத்தைவிடப் பல நொடி முந்தி வரும். அந்தப் போனை வைத்திருப்பவர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

மழை விஷயம். ஜூன், ஜூலையில் இந்தோனேசியா, ஜப்பான் போட்டிகள் நடக்கும்போது ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. உங்கள் கோத்தகிரிச் சரிவுக்கு அக்டோபர் டென்மார்க் நேரத்து வடகிழக்கு மழைதான் பெரிது. டிஷ் சிக்னலைக் கெடுப்பது மூடுபனி அல்ல, கனமழை. மேகம் கடந்ததும் தானாகவே திரும்பும், அந்த நேரத்தில் ஏணி வைத்து டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். திருப்பினால் மழை நின்ற பிறகும் படம் வராது. கரண்ட்டுக்கு 150 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் இருந்தால், 250 வாட் புரொஜெக்டர் நான்கைந்து மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். 32 அங்குல எல்இடி டிவி அதே பேட்டரியில் இரவு முழுக்க ஓடும். கரண்ட் போன உடனே டிவிக்கு மாறிவிடுங்கள்.

பார்க்கும்போது கவனிக்க ஒன்று மட்டும் சொல்கிறேன்: அரங்கின் காற்று. ஏசி காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் பக்கத்தில் நிற்பவர் தூக்கி அடிப்பதெல்லாம் பின்கோட்டைத் தாண்டும். எதிர்க்காற்றில் நிற்பவர் தைரியமாக முழு வீச்சு அடிக்கலாம். ஒருவர் முதல் கேமை 12-21 என்று இழந்தால் உடனே கைவிடாதீர்கள், எந்தப் பக்கம் நின்றார் என்று பாருங்கள். மூன்றாவது கேமில் ஒருவர் 11 எடுத்ததும் பக்கம் மாறுவார்கள். மோசமான பக்கத்தில் நின்று 8-11 என்று வந்தவர்தான் பல நேரம் உண்மையில் முன்னால் இருக்கிறார்.

உங்கள் காக் பிரச்சினையும் காற்றுதான், வேறு விதத்தில். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. தடுக்கும் காற்று குறைந்தால் காக் பறக்கும். குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல. எனவே கை தப்பில்லை. இறகுக் காக் டியூபில் 75, 76, 77 என்று எண் போட்டிருக்கும். எண் குறையக் குறைய வேகமும் குறைவு. சமவெளிக் கடையில் 77 வாங்கி மலைக்குக் கொண்டுவந்தால் நிற்காது. 75 கேளுங்கள். நைலான் காக்கில் பச்சைப் பட்டை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். உங்களுக்குப் பச்சை.

சோதிப்பதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. பின்கோட்டின் மேல் நின்று, பக்கக்கோட்டுக்கு இணையாக, கீழிருந்து மேல்நோக்கி முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப் பக்கப் பின்கோட்டுக்கு 53 சென்டிமீட்டரிலிருந்து 99 சென்டிமீட்டர் வரை உள்ளே விழுந்தால் அந்தக் காக் உங்கள் கூடத்துக்குச் சரி. கோட்டுக்கு இன்னும் நெருங்கியோ தாண்டியோ விழுந்தால் ஒரு எண் கீழே போங்கள். பனிக்காலத்தில் காற்று வறண்டு இறகு சட்டென்று ஒடியும். டியூபின் இரண்டு மூடியையும் கழற்றி, இறகுப் பக்கம் கீழே இருக்கும்படி கொதிக்கும் நீராவியில் சில நொடிகள் மட்டும் காட்டுங்கள். தலைப்பக்கத் தக்கையில் ஈரம் ஏறக் கூடாது. ஏறினால் காக் கனத்து, மறுபடி நீளமாகப் போகும்.